எடை தின்ற மைலேஜ்

இன்றைய சிறிய கார் அந்தக் காலத்துச் சிறிய காரைவிட அதிக மைலேஜ் கொடுக்கும் என்றுதான் நாம் எல்லோரும் நம்புகிறோம். இன்ஜின் நுட்பம் இவ்வளவு வளர்ந்திருக்கும்போது அந்த நம்பிக்கை இயல்பானதே. அமெரிக்கச் சந்தையின் கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. 1990-களின் தொடக்கத்தில் அங்கே விற்ற ஜியோ மெட்ரோ எக்ஸ்எஃப்ஐ என்ற மூன்று சிலிண்டர் பெட்ரோல் காருக்கு, இன்றைய கடுமையான கணக்கீட்டு முறைப்படியே லிட்டருக்குச் சுமார் 20 கி.மீ. கிடைக்கிறது. 2014-ஆம் ஆண்டு மாடலாக அங்கே வந்த மிட்சுபிஷி மிராஜும் மூன்று சிலிண்டர் கார்தான். ஹைபிரிட் அல்லாத கார்களில் சிக்கனத்துக்குப் பெயர் வாங்கியது. அதற்கு 17 கி.மீ. இருபது ஆண்டுகளில் பொறியாளர்கள் சும்மா இருக்கவில்லை. அவர்கள் மிச்சப்படுத்திக் கொடுத்த பெட்ரோலைக் காரின் எடையும் வேகமும் தின்றுவிட்டன என்பதே என் வாதம்.

சிக்கனத்தின் காலம் 1973 அக்டோபரில் தொடங்கியது. அரபு நாடுகள் எண்ணெய் ஏற்றுமதிக்குத் தடை போட்டன. பீப்பாய் 3 டாலர் அளவில் இருந்த கச்சா எண்ணெய் சில மாதங்களில் 12 டாலரை ஒட்டி ஏறியது. 1975-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. ஒவ்வொரு நிறுவனமும் விற்கும் கார்களின் சராசரி மைலேஜ் 1978 மாடலில் கேலனுக்கு 18 மைல், 1985-க்குள் 27.5 மைல் ஆக வேண்டும் என்றது. லிட்டர் கணக்கில் இது ஏறத்தாழ 7.7-இலிருந்து 11.7 கி.மீ. சுமார் 700 கிலோ எடையில் வந்திருந்த ஹோண்டா சிவிக்குக்கு இது பொற்காலம். அதன் சிவிசிசி இன்ஜினில் பிரதான அறைக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அறை இருந்தது. பெட்ரோல் செறிந்த கலவை முதலில் அங்கே பற்றிக்கொள்ளும். அந்தச் சுடர் பிரதான அறையில் இருக்கும் நீர்த்த கலவையை முழுமையாக எரிக்கும். கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே அன்றைய புகை விதிகளை அந்த இன்ஜின் நிறைவேற்றியது. மெட்ரோ கையாண்ட வழி இன்னும் எளிது. ஒரு லிட்டர் இன்ஜின், 750 கிலோவை ஒட்டிய எடை. எக்ஸ்எஃப்ஐ வகையில் கேம் ஷாஃப்டை மாற்றித் திறனை 55 குதிரைத்திறனிலிருந்து 49-ஆக வேண்டுமென்றே குறைத்திருந்தார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் விற்றாலும் அது சுசுகியின் கல்டஸ்தான். அதே கல்டஸின் செடான் வடிவமே 1990-இல் இங்கே மாருதி 1000 ஆகவும், பிறகு எஸ்டீம் ஆகவும் வந்தது. அங்கே கையில் காசில்லாதவர் வாங்கிய காரின் உடன்பிறப்பு இங்கே வசதி படைத்தவர்களின் அடையாளமாக இருந்தது.

பிறகு 1986-இல் எண்ணெய் விலை சரிந்தது. அதோடு அவசரமும் போய்விட்டது. கார்களுக்கான 27.5 மைல் என்ற அளவு 1990 முதல் 2010 வரை அப்படியே நின்றது. இந்தக் காலத்தை எம்ஐடி பொருளாதார அறிஞர் கிறிஸ்டோஃபர் நிட்டல் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். 1980-க்கும் 2006-க்கும் இடையே அமெரிக்காவில் விற்ற புதிய வாகனங்களின் மைலேஜ் 15 சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கூடியது. எடை 26 சதவீதமும் குதிரைத்திறன் இரு மடங்குக்கு மேலும் கூடின. எடையையும் திறனையும் 1980-இல் இருந்தபடியே வைத்திருந்தால் மைலேஜ் 60 சதவீதம் வரை உயர்ந்திருக்கும் என்கிறது அவர் கணக்கு. சிவிக்கையே பாருங்கள். ஏறத்தாழ 50 குதிரைத்திறனோடு பிறந்த கார் 2022-இல் 158 குதிரைத்திறனோடும் 1,300 கிலோ எடையோடும் நிற்கிறது.

எடை கூடியது உயிரைக் காக்கத்தானே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி, மெட்ரோ போன்ற மெல்லிய தகட்டுக் காரில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகச் சொல்ல எனக்கும் மனம் வராது. ஏர்பேக்கும் உறுதியான கூடும் சுமந்தே தீர வேண்டிய எடை. ஆனால் 158 குதிரைத்திறன் எந்த உயிரைக் காக்கிறது? மேலும், கனமான கார் மோதும்போது எதிரே வரும் இலகுவான காரில் இருப்பவருக்கே ஆபத்து அதிகம். எல்லோரும் பாதுகாப்புக்காகப் பெரிய வண்டிக்கு மாறினால் சிறிய கார்க்காரரின் ஆபத்துதான் கூடுகிறது. புகைக் கட்டுப்பாடுதான் மைலேஜைக் குறைத்தது என்பாரும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் அதில் உண்மை இருந்தது. கார்புரேட்டர் போய் பெட்ரோலை அளந்து தெளிக்கும் எலக்ட்ரானிக் இன்ஜெக்‌ஷன் வந்த பிறகு சுத்தமும் சிக்கனமும் ஒரே கருவியால் கிடைத்தன. மக்கள் வேகத்தைத்தானே விரும்பினார்கள் என்ற வாதமும் எனக்கு நிறைவாக இல்லை. விருப்பம் பெட்ரோல் விலையோடு ஏறி இறங்குவது. 2008-இல் விலை உச்சம் தொட்டபோது, எப்போதோ உற்பத்தி நின்றுபோன பழைய மெட்ரோக்களை அதே அமெரிக்கர்கள் தேடிப்பிடித்து வாங்கினார்கள்.

இது நமக்கும் பாடமாக வேண்டிய வரலாறு. இந்தியாவில் 2017-18 முதல் ஒவ்வொரு நிறுவனத்தின் கார்களுக்கும் கார்பன் டை ஆக்சைடு சராசரி வரம்பு இருக்கிறது. கிலோமீட்டருக்கு 130 கிராம் அளவில் தொடங்கி 2022-23-இல் 113 கிராமுக்கு இறங்கியது. ஆனால் இந்த வரம்பு எடையைப் பொறுத்தது. கனமான கார்களை விற்கும் நிறுவனத்துக்குத் தளர்ந்த வரம்பு. எடையைக் குறைத்தவருக்கு இறுக்கமான வரம்பு. அமெரிக்காவில் சந்தை செய்த தவறை இங்கே விதியே ஊக்குவிக்கிறது. அரசு எடைக்குத் தரும் இந்தச் சலுகையைப் படிப்படியாக விலக்க வேண்டும். கார் வாங்கப் போகிறவர்களும், ஷோரூமில் மைலேஜ் எவ்வளவு என்று கேட்கும்போதே வண்டியின் எடை எவ்வளவு என்றும் கேளுங்கள்.