வண்டி மையும் கிரவுன் ஆயிலும்

மம்சாபுரத்தில் யாரிடமாவது போய் "டிஃபரன்ஷியல் எண்ணெய் மாற்ற வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "கிரவுன் ஆயிலா? நேராச் சொல்ல வேண்டியதுதான" என்பார்கள். ஜீப்பின் அச்சு நடுவில் பூசணிக்காய் போலப் புடைத்திருக்கும் இரும்புக் கூட்டுக்குள் ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. அதுதான் கிரவுன். அதைச் சுழற்றும் சின்னச் சக்கரம் பினியன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு லிட்டருக்குச் சற்றே கூடுதலான எண்ணெய். அது வற்றினால் என்ன ஆகும் என்று மலையடியில் தோப்பு வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த எண்ணெய்க்கு ஒரு வரலாறு உண்டு என்று யாரும் யோசிப்பதில்லை. எஞ்சினுக்கு வரலாறு எழுதுகிறார்கள், கம்பெனிக்கு எழுதுகிறார்கள், எண்ணெய்க்கு எழுதுவதில்லை. ஒழுகாதவரை அது கண்ணில் படாது என்பதாலோ என்னவோ.

எங்கள் ஊர் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே, மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இருக்கிறது. மாங்காயும் தேங்காயும் இறங்கும் பாதைகளில் பாதி தூரம் கல், மீதி தூரம் ஓடை. மழைக்காலத்தில் இரண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற வண்டி அங்கே நின்றுவிடும். அப்பா 1990-களில் பழைய வண்டியாக வாங்கிய மஹிந்திரா எம்.எம். 540 அப்படித்தான் எங்கள் வீட்டுக்கு வந்தது. அதில் எண்ணெய் நிற்கும் அறைகள், எஞ்சினை விட்டுவிட்டால், நான்கு: கியர்பாக்ஸ், அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் விசையைப் பங்கு போடும் ட்ரான்ஸ்ஃபர் கேஸ், முன் கிரவுன், பின் கிரவுன். வருஷம் ஒரு முறை, மழை ஓய்ந்ததும் நான்கையும் வீட்டுப் புளியமரத்தடியிலேயே மாற்றுவோம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனால் கம்பெனிக் கையேட்டில் போய் நிற்கும் என்றுதான் நினைத்திருந்தேன். போய் நின்றது மாட்டுவண்டியில்.

பக்கத்துத் தெருவில் ஒரு தாத்தா இருந்தார். இளவயதில் வண்டி ஓட்டி, பிறகு ஜீப்புக்கு மாறியவர். வண்டி மை செய்வதை அவர்தான் சொன்னார். வைக்கோலைக் கொளுத்திக் கரியாக்கி, விளக்கெண்ணெய் விட்டுக் குழைக்க வேண்டும். ஒரு மூங்கில் குழாயில் அடைத்து வண்டிக்கடியில் தொங்கவிட வேண்டும். நெடும்பயணத்துக்கு முன் கடையாணியைக் கழற்றி, சக்கரத்தை வெளியே இழுத்து, அச்சில் மையைத் தடவி, திரும்ப மாட்ட வேண்டும். "மை போடாத வண்டி அழும்யா. கீச்சுனு ஊருக்கே கேக்கும். வண்டிக்காரனுக்கு மானம் போயிரும்" என்பார். புறநானூற்றில் ஔவையார் உப்பு வணிகர்கள் வண்டிக்கடியில் மாற்று அச்சு கட்டிக்கொண்டு போவதைப் பாடுகிறார். மேடும் பள்ளமும் எதிர்ப்படும், அச்சு எங்கே முறியும் என்று சொல்ல முடியாது என்கிற அச்சம் அதில் இருக்கிறது. மையைப் பற்றி அந்தப் பாட்டில் பேச்சில்லை. மை போடுவது அவ்வளவு அன்றாடம்.

மை ஏதோ கைவைத்தியம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆமணக்கெண்ணெய் கெட்டியானது, சூடேறினாலும் இரும்பைவிட்டு எளிதில் வழியாது. அதன் கொழுப்பு அமிலத்தின் அமைப்பே உலோகத்தோடு ஒட்டிக்கொள்ள உதவுகிறது. எண்ணெய் வழிந்து போன இடத்திலும் கரித்தூள் உரசலைத் தாங்கும். இதே ஆமணக்கை நம்பி ஒரு பெரிய வியாபாரமும் நடந்தது. 1899-ல் சார்லஸ் வேக்ஃபீல்டு லண்டனில் தொடங்கிய எண்ணெய் நிறுவனம், 1909-ல் மோட்டார் வண்டிகளுக்கென்று ஒரு எண்ணெய்க்குப் பெயர் வைத்தபோது ஆமணக்கின் ஆங்கிலப் பெயரான 'காஸ்டர்' என்பதிலிருந்தே எடுத்தது. இன்றும் நாம் கடையில் கேட்டு வாங்குகிற காஸ்ட்ரால் அதுதான். முதல் உலகப் போர் விமானங்களின் சுழல் எஞ்சின்களுக்கும் ஆமணக்கெண்ணெய்தான் மசகு. எரியாமல் வெளியே பீய்ச்சும் எண்ணெயைச் சுவாசித்து விமானிகளுக்கு வயிறு இளகியது என்று ஒரு கதையும் உண்டு. பேதிக்கு விளக்கெண்ணெய் குடித்து வளர்ந்த நமக்கு அதை நம்புவதில் சிரமமில்லை.

பிறகு டன்லப் டயர் வண்டி வந்தது. பேரிங் வந்தது. மை போய் கிரீஸ் வந்தது. மூங்கில் குழாய் இருந்த இடத்தில் தகர டப்பா தொங்கியது. தாத்தா போன்றவர்கள் அந்த டப்பாவோடுதான் ஜீப்புக்கு மாறினார்கள்.

ஜீப் 1941-ல் போருக்காகப் பிறந்த வண்டி. வில்லிஸும் ஃபோர்டும் சேர்ந்து போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள். மெக்கானிக்கே இல்லாத இடங்களுக்குப் போகப்போகிற வண்டி, ஓட்டுகிறவனே படுத்து எண்ணெய் மாற்ற வேண்டும். 1944-ல் அமெரிக்கப் போர்த்துறை வெளியிட்ட கையேட்டில் எந்த இடத்தில் என்ன எண்ணெய், எத்தனை மைலுக்கு ஒரு முறை என்று படம் போட்டே காட்டியிருக்கிறார்கள். ஆனாலும் சிப்பாய்கள் கையேடு படிப்பார்களா? அதற்குத்தான் 'ஆர்மி மோட்டார்ஸ்' என்ற பத்திரிகைக்கு வில் ஐஸ்னரைப் படம் போட வைத்தார்கள். ஆமாம், 1978-ல் 'எ காண்ட்ராக்ட் வித் காட்' எழுதிய அதே ஐஸ்னர்தான். வண்டியைப் பராமரிக்காமல் பாழாக்கும் ஜோ டோப் என்கிற மக்குச் சிப்பாய் அவருடைய பாத்திரம். கிராஃபிக் நாவலைக் கொண்டாடும் நண்பர்களிடம் இதைச் சொன்னால் பாதிப்பேர் நம்புவதில்லை.

இந்தியாவில் 1945-ல் தொடங்கிய மஹிந்திரா அண்ட் முஹம்மத் நிறுவனம் 1947-ல் வில்லிஸோடு கைகோத்தது. பங்காளியான குலாம் முஹம்மத் பாகிஸ்தானின் முதல் நிதியமைச்சராகிப் போனார். 1948-ல் பெயர் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. நாடு பிரிந்தது, கம்பெனி பிரிந்தது, வில்லிஸ் கொடுத்த பல்சக்கரங்கள் மட்டும் அப்படியே இருந்தன. 1980-களின் எம்.எம். 540-க்கு அடியில் படுத்துப் பார்த்தாலும் அதே வம்சத்து ட்ரான்ஸ்ஃபர் கேஸ்தான் தெரியும். போடியிலிருந்து விடியற்காலையில் இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குக் கூலியாட்களை ஏற்றிப் போகிற ஜீப்புகளின் கதையும் இதுவே.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். பழைய கார்களில் பினியன் கிரவுனின் நடுமட்டத்தில் பொருந்தியிருக்கும். 1926-ல் பாக்கார்டு நிறுவனம் பினியனைக் கீழே இறக்கி வைத்தது. நீளமான ஷாஃப்ட் தாழ்ந்தது, காரின் தரையும் தாழ்ந்தது. இந்த அமைப்புக்கு ஹைபாய்டு என்று பெயர். ஜீப்பின் அச்சிலும் இதுதான். அதற்குக் கொடுத்த விலை: பற்கள் ஒன்றின்மேல் ஒன்று உருள்வதைவிட அதிகமாக வழுக்கின. அந்த அழுத்தத்தில் சாதாரண எண்ணெய்ப் படலம் கிழிந்துபோகும். ஆகவே எண்ணெயில் கந்தகம் சேர்த்தார்கள். பற்கள் உரசிச் சூடேறும் இடத்தில் கந்தகம் இரும்போடு சேர்ந்து ஒரு மெல்லிய தோல் உண்டாக்கும். தேய்வது அந்தத் தோல், பல் தப்பிக்கும். கிரவுன் ஆயிலைத் திறந்ததும் அடிக்கிற அழுகிய நாற்றம் இந்தக் கந்தகம்தான்.

கந்தகத்தோடு இன்னொன்றும் போனது. எண்ணெய்த் திமிங்கலத்தின் தலையிலிருந்து எடுத்த எண்ணெய். அதன் வழுக்கும் தன்மைக்கு ஈடாக வேறெதுவும் அப்போது கிடைக்கவில்லை. கியர் எண்ணெய்களிலும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் திரவங்களிலும் 1970-களின் தொடக்கம் வரை அமெரிக்கர்கள் அதைச் சேர்த்தார்கள். 1970-ல் அந்தத் திமிங்கலம் அங்கே அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பட்டியலில் சேர்ந்ததும் இறக்குமதி நின்றது, வேதியியல்காரர்கள் மாற்று தேடி ஓடினார்கள். பாலைவனச் செடியான ஹொஹோபாவுக்கு மவுசு வந்தது அப்போதுதான். திமிங்கிலம் என்றால் நமக்கு இப்போது தூத்துக்குடிப் பக்கம் 'திமிங்கில எச்சம்' கடத்தியவர் கைது என்கிற செய்திதான் ஞாபகம் வருகிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் அது கார்களின் வயிற்றுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. வைக்கோலும் ஆமணக்கும் வயலில் இருந்தவரை மசகுக்கு யாரும் சாகவில்லை. சக்கரம் வேகம் பிடிக்கப் பிடிக்க அதன் கணக்கு கண்காணாத ஓர் உயிர்மேல் விழுந்தது. இன்று அந்தக் கணக்கு யார்மேல் விழுகிறது என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

கந்தகத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. பித்தளையை அரிக்கும். கியர்பாக்ஸுக்குள் இருக்கும் சிங்க்ரோ வளையங்கள் பித்தளை வகை. அதனால்தான் டப்பாவில் ஜி.எல். 4, ஜி.எல். 5 என்று பிரித்துப் போடுகிறார்கள். ஐந்தில் மருந்து அதிகம், அது கிரவுனுக்கு. நான்கு கியர்பாக்ஸுக்கு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, அஞ்சு நாலைவிட ஒசத்தி" என்று எடுத்துக் கொடுப்பார். கேட்காதீர்கள். 90 நம்பர் என்றதும் எஞ்சின் ஆயிலின் 40 நம்பரைவிட இரண்டு மடங்கு கெட்டி என்று நினைப்பதும் தப்பு. இரண்டுக்கும் அளவுகோல் வேறு. 90 நம்பர் கியர் ஆயில் கிட்டத்தட்ட 40, 50 நம்பர் எஞ்சின் ஆயிலின் கெட்டிதான்.

மாற்றும் வேலையில் ரகசியம் பெரிதாக ஒன்றுமில்லை. வண்டியைப் பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, எண்ணெய் இளகியிருக்கும்போது சமதளத்தில் நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கக் கூடாது. முதலில் மேலே இருக்கிற ஃபில்லர் பிளக்கைக் கழற்ற வேண்டும், அதன் பிறகே கீழே ட்ரெய்ன் பிளக். மாற்றிச் செய்து, எண்ணெய் முழுக்க வடிந்த பிறகு மேல் பிளக் துருப்பிடித்துத் திரும்பாவிட்டால் வண்டி அங்கேயே கிடக்க வேண்டியதுதான். புது எண்ணெயை மேல் துளை வழியாக வழியும் வரை ஊற்றினால் அளவு சரி. ட்ரான்ஸ்ஃபர் கேஸில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். கியர்பாக்ஸுக்கும் அதற்கும் நடுவே எண்ணெய் இடம் மாறுவது இந்த வம்சத்துக்கு உள்ள பழைய வியாதி. ஒன்று நிரம்பி வழிந்து மற்றது வற்றியிருந்தால் ஒழுக்கு வெளியே இல்லை, உள்ளே.

எனக்குப் பிடித்த வேலை வடிந்ததைப் பார்ப்பது. பிளக்கின் நுனியில் காந்தம் இருந்தால் அதில் சாம்பல் நிறப் பசை ஒட்டியிருக்கும். அது இயல்பான தேய்மானம். விரலில் உருட்டினால் துணுக்கு குத்துகிறதா? அப்படியானால் பல் உடைகிறது. எண்ணெய் டீ நிறத்தில் கலங்கியிருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடி வந்த சூட்டோடு ஓடையில் இறங்கும்போது கூட்டுக்குள் இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, பிரீதர் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு ஐப்பசியில் எங்கள் முன் கிரவுனில் அப்படித்தான் வந்தது. அப்பா வடிந்ததைப் பார்த்துவிட்டு, "அந்த ரெண்டாவது ஓடைதான்" என்றார். எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் என்பதுவரை சொன்னார். இப்போது வரும் சில வண்டிகளில் ஆயுளுக்கும் மாற்ற வேண்டாத எண்ணெய் என்கிறார்கள். யாருடைய ஆயுள் என்று கேட்கத் தோன்றுகிறது.

வடிந்ததை என்ன செய்வது? முன்பு எங்கள் பக்கம் அதற்கு நூறு உபயோகம் இருந்தது. கரையானுக்கு வேலிக் கம்பில் பூசுவார்கள், கலப்பைக் கொழு துருப்பிடிக்காமல் தடவுவார்கள், கட்டட வேலைக்காரர்கள் சென்ட்ரிங் பலகைக்கு வாங்கிப் போவார்கள். மாட்டுப் புண்ணில் தடவியதைக்கூடப் பார்த்திருக்கிறேன். வண்டி மை தடவிய பழக்கத்தின் மிச்சம் அது. வைக்கோல் கரியையும் விளக்கெண்ணெயையும் புண் தாங்கும். கந்தகமும் உலோகத்தூளும் கலந்த பெட்ரோலிய எண்ணெயைத் தாங்க வேண்டிய அவசியம் மாட்டுக்கு இல்லை. மிஞ்சியதைப் பள்ளத்தில் கொட்டுவார்கள். பள்ளம் ஓடைக்குப் போகும், ஓடை கண்மாய்க்குப் போகும். 1988-ல் சாம்பல் நிற மலை அணிலுக்காகச் சரணாலயமாகி, 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகத்துக்குள் வந்த அதே மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர்தான் அது. மேலே காட்டுக்குள் நெகிழிப் பை கொண்டுபோகத் தடை. கீழே நாம் ஊற்றுவதை யாரும் பார்ப்பதில்லை.

பயன்படுத்திய எண்ணெயை அபாயக் கழிவு என்று 2016 விதிகள் சொல்கின்றன. எண்ணெய் தயாரிப்பவர்களே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று 2023-ல் சேர்த்த திருத்தம் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. நல்ல விதி. புளியமரத்தடி வரை அது இன்னும் வரவில்லை. எங்கள் கொட்டகையில் மூன்று ஐந்து லிட்டர் கேன்கள் மூடி போட்டு நிற்கின்றன. கிரவுன் ஆயிலையும் எஞ்சின் ஆயிலையும் தனித்தனியே வைத்து, மேலே சாக்பீஸால் எழுதியிருக்கிறேன். போன மாதம் பழைய ஆயில் வாங்குகிறவர் வந்தார். எங்கே கொண்டுபோகிறீர்கள் அண்ணாச்சி என்று கேட்டேன்.

"மதுரைப் பக்கம் போகுது. சூளைக்காரங்களும் வாங்குறாங்க, எரிக்க."

கேனைக் கொடுக்கவில்லை. பெட்ரோல் பங்க்கிலும் ராஜபாளையத்துக் கடைகளிலும் விசாரித்துக்கொண்டிருக்கிறேன், பதிவு பெற்ற ஆள் யாராவது எடுப்பார்களா என்று. தை பிறந்தால் பின் கிரவுனையும் மாற்ற வேண்டும், அப்போது நான்காவது கேன்.