தீவகக் குடும்ப விழுமியங்களும் பல்கலைக்கழக மாணவரின் விடாமுயற்சியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குத் தென்மேற்கே ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலிய பகுதிகளை உள்ளடக்கியது தீவகம். இங்குள்ள பிள்ளை வளர்ப்பு முறை, உயர்கல்வி கற்போரின் விடாமுயற்சிக்கு அடித்தளமாக இருந்து வருகிறது.

வகைப்பாடு

அமெரிக்க உளவியலாளர் டயானா பௌம்ரிண்ட் 1960களில் பெற்றோரை மூவகையாகப் பிரித்தார்: கண்டிப்போடு அரவணைப்பும் உடையோர், அதிகாரம் மட்டும் செலுத்துவோர், பிள்ளையின் போக்கில் விடுவோர். 1983இல் உளவியலாளர்கள் மக்கோபியும் மார்ட்டினும் அக்கறையற்றோரை நான்காம் வகையாக்கினர். சீனக் குடும்பங்களில் கண்டிப்பு என்பது அக்கறையோடு பயிற்றுவித்தலே என்று ஆய்வாளர் ரூத் சாவோ 1994இல் எழுதினார். தீவகத் தாய்மாரின் கண்டிப்பும் இத்தகையதே. நீண்டகால இலக்கில் தளராமை, ஆர்வம் மாறாமை என, இக்கட்டுரை பேசும் விடாமுயற்சிக்கு இரு கூறுகள் உண்டென உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த் 2007இல் வகுத்தார்.

வரலாறு

ஒல்லாந்தர் ஆட்சியில், 1707இல் எழுத்துருப் பெற்ற யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, குடும்பச் சொத்தை முதுசம் (பரம்பரைச் சொத்து), சீதனம் (மணத்தின்போது பெண்ணுக்குத் தருவது), தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது) எனப் பகுத்தது. மணமாகாத ஆண்மக்களின் உழைப்பு குடும்பப் பொதுச்சொத்தில் சேரும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. சகோதரிகளின் சீதனம் சகோதரரின் பொறுப்பாகியது. ஆகவே ஒருவன் படிப்பை இடைநிறுத்தினால் அந்த இழப்பு அவனோடு நிற்கவில்லை. வீடு முழுவதையும் தொட்டது.

தீவகத்தின் நிலம் வறண்டது, நன்னீர் அரிது. அதனால் 20ஆம் நூற்றாண்டில் ஆண்கள் பலர் கொழும்பிலும் தென்னிலங்கை நகரங்களிலும் கடை நடத்தினர். ஊரில் பிள்ளைகளின் படிப்பைத் தாய்மாரே பார்த்துக்கொண்டனர்.

ஊர்காவற்றுறைப் பகுதியின் கரம்பொனில் 1913இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகள், இளவயதிலேயே தாயை இழந்தவர். ஊர்காவற்றுறை புனித அந்தோனியார் கல்லூரியில் கற்று, உரோமாபுரி, அண்ணாமலைநகர், லண்டன் ஆகிய இடங்களில் உயர்கல்வி தொடர்ந்தார். வீடு தளர்ந்த இடத்தில் பள்ளி தாங்கும் என்பதற்கு அவர் சான்று.

1945இல் வந்த இலவசக் கல்வி, வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழக வாயிலைத் திறந்தது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குக் கொண்டுவரப்பட்ட தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு அந்த வாயிலைக் குறுக்கியது. அப்போது உயர்தரப் பரீட்சைக்கு மறுமுறையும் தோற்றும்படி பிள்ளையைத் தேற்றி அனுப்பியவர்கள் பெற்றோரே. 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் அமைந்தது.

இன்றைய நிலை

1983இல் தமிழருக்கெதிராக நிகழ்ந்த வன்செயல், தென்னிலங்கையில் தீவகத்தார் நடத்திய கடைகளில் பலவற்றை அழித்தது. 1990களின் தொடக்கத்தில் போரினால் தீவக மக்களில் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். இன்று மகாபொல புலமைப்பரிசிலும் புலம்பெயர்ந்த உறவினரின் உதவியும் மாணவருக்குத் துணையாகின்றன. நெடுந்தீவு மாணவர் இன்றும் குறிகட்டுவான் இறங்குதுறை வரை படகிலேயே வந்து பல்கலைக்கழகம் செல்கின்றனர்.