ஷூவுக்குள் இருக்கும் மெத்தை: ஒரு சிறு வரலாறு

நம் குடியிருப்பில் காலை ஐந்தரை மணிக்கே நடைப்பயிற்சி தொடங்கிவிடுகிறது. வெளியே வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் கம்பெனி பஸ்களும் டிரெய்லர் லாரிகளும் ஓயாமல் ஓடுவதால், ஓடப் பிரியப்படுகிறவர்களும் உள்ளேயே, பேவர் பிளாக் பாதையில்தான் சுற்றுகிறார்கள். அங்கே அடிக்கடி காதில் விழும் கேள்வி ஒன்று: "எந்த ஷூ சார் வாங்கலாம்?"

இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு எனக்கும் அதே கேள்வி வந்தது. பதிலை விளம்பரத்திடம் கேட்டேன். தள்ளுபடியில் கிடைத்தது என்று தடித்த அடிப்பாகமும் உள்ளே கார்பன் தகடும் கொண்ட ஒரு ஜோடி வாங்கினேன். நான்காவது வாரம் கெண்டைக்காலில் வலி. பிசியோதெரபிஸ்ட் ஷூவைக் கையில் வாங்கி வளைத்துப் பார்த்தார், அது வளையவில்லை. "மாரத்தான் ஓடுறீங்களா?" என்றார். "இல்லைங்க, தினமும் மூணு கிலோமீட்டர்." "அப்புறம் இதை எதுக்கு வாங்குனீங்க?" அதற்கு என்னிடம் பதில் இல்லை.

அந்தப் பதிலைத் தேடிப் படித்ததில்தான் ஷூவின் வரலாறு பிடிபட்டது. ஒரு விஷயம் தெளிவானது. ஒவ்வொரு காலத்திலும் ஷூவுக்குள் என்ன மெத்தை வந்தது என்பதை, அந்தக் காலத்தில் என்ன பொருள் கிடைத்தது, யார் எந்தத் தரையில் ஓடினார்கள் என்பவையே தீர்மானித்தன. நம் பாதம் அந்தக் கணக்கில் இல்லை. அந்தக் கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

தோலும் ரப்பரும்

நம் காஞ்சிப் பகுதிக்குக் காலணி புதிதல்ல. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையில் ஓர் இடையர் வருகிறார். அவர் அணிந்திருப்பது 'தொடுதோல்', அதாவது தோல் செருப்பு. அது அழுந்தி அழுந்தி அவர் பாதத்தில் வடு விழுந்திருப்பதையும் புலவர் கவனித்துச் சொல்கிறார். செருப்புக் கடி சங்க காலத்திலிருந்தே இருக்கிறது! தோல் முள்ளிலிருந்தும் சூட்டிலிருந்தும் காத்தது. மெத்தையாக இருக்கவில்லை. அந்த வேலையைக் குதிகாலின் கொழுப்புத் திண்டும் பாதத்தின் வளைவுமே செய்துவந்தன.

மெத்தைக்கான முதல் பொருள் ரப்பர். இயற்கை ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைக்கும். அதில் கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் நிலைபெறும் என்பதை அமெரிக்காவின் சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டறிந்தார். 1844-இல் காப்புரிமை பெற்றார். நமக்கு அருகே ஒரகடத்தில் டயர் செய்யும்போது இன்றும் நடப்பது அடிப்படையில் அதே வேலைதான்.

அந்த ரப்பரைக் கேன்வாஸ் துணியோடு ஒட்டியபோது பிறந்தது, நாம் பள்ளியில் பி.டி. பீரியடுக்கு அணிந்த வெள்ளை ஷூ. 'கெட்ஸ்' என்பது 1916-இல் அமெரிக்காவில் வந்த ஒரு பிராண்டின் பெயர். நம் ஊரில் அது அந்த வகை ஷூ எல்லாவற்றுக்குமே பெயராகிவிட்டது. தட்டையான ரப்பர் அடி, உள்ளே மெல்லிய துணி. டயரை வெட்டிச் செய்த செருப்பு போட்டு வளர்ந்தவர்களுக்கு அதுவே பெரிய சொகுசு.

அந்தத் தலைமுறையில் வெறுங்காலும் தோற்றுப் போகவில்லை. 1960 ரோம் ஒலிம்பிக் மாரத்தானை எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலுடன் 2 மணி 15 நிமிடம் 16 விநாடியில் ஓடி வென்றார். அவரே 1964-இல் டோக்கியோவில் ஷூ அணிந்து இன்னும் வேகமாக ஓடி மீண்டும் வென்றார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நம் நாட்டின் ஷிவ்நாத் சிங் வெறுங்கால் ஓட்டத்துக்குப் பெயர் பெற்றவர். 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் 11-ஆவதாக வந்தார். 1978-இல் ஜலந்தரில் அவர் ஓடிய 2 மணி 12 நிமிடம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்திய சாதனையாக நின்றது.

நுரை வந்த கதை

1960-களின் இறுதியில் அமெரிக்காவில் சாதாரண மக்கள் ஓட ஆரம்பித்தார்கள். நியூஸிலாந்தில் ஜாகிங்கைப் பார்த்து வந்த பயிற்சியாளர் பில் பவர்மேன் அதைத் தம் ஊரில் பரப்பினார். அலுவலகம் போகிறவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், தார்ச்சாலையிலும் சிமென்ட் நடைபாதையிலும் ஓடினார்கள். இவர்களுக்கு மெல்லிய ரப்பர் போதவில்லை.

1975-இல் புரூக்ஸ் நிறுவனம் ஓட்ட ஷூவில் ஈ.வி.ஏ. நுரையைக் கொண்டுவந்தது. எத்திலீன் வினைல் அசிடேட் என்பது முழுப் பெயர். இட்லியை நினைத்துக்கொள்ளுங்கள். மாவில் உண்டான காற்று வேகும்போது குமிழ்களாக உள்ளேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் இட்லி மெத்தென்று இருக்கிறது. ஈ.வி.ஏ.விலும் வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருளைக் கலந்து சூடாக்குகிறார்கள். ஆயிரக்கணக்கான மூடிய குமிழ்கள் உண்டாகின்றன. கால் அழுத்தும்போது அவை நசுங்கி, எடுத்ததும் மீள்கின்றன. எடை ரப்பரைவிட மிகக் குறைவு. இன்றும் கடையில் உள்ள பெரும்பாலான ஷூக்களில் இருப்பது இதுவோ இதன் உறவினரோதான்.

குமிழ்ச் சுவர்கள் ஆயிரக்கணக்கான தடவை மடிந்தபின் பழைய நிலைக்கு வராது. ஓட்ட ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று வழக்கமாகச் சொல்லும் ஆயுள் கணக்கு இதிலிருந்து வந்ததே. மேலே துணி புதுசு போலவே இருக்கும். உள்ளே மெத்தை செத்திருக்கும்.

பாலியூரித்தேன் என்ற இன்னொரு நுரை உண்டு. அது கூடுதல் நாள் உழைக்கும், ஆனால் கனம். ஒரகடம் ஆலைகளுக்குப் போகிறவர்கள் அணியும் சேஃப்டி ஷூக்கள் பலவற்றின் அடிப்பாகம் இதுதான். இதன் ஒரு வகைக்கு ஈரக்காற்று ஆகாது. நீராவி மெல்ல மெல்ல அதன் வேதிப் பிணைப்பை உடைத்துவிடும். "ரெண்டு தடவைதான் போட்டேன், பீரோவில் பத்திரமா வெச்சிருந்தேன், எடுத்தா அடிப்பாகம் மாவா உதிருது" என்று நம்மில் பலர் புலம்புவதற்குக் காரணம் இது. நம் ஊர் ஈரப்பதத்தில் ஷூவைச் சேமித்து வைப்பது சேமிப்பல்ல.

காற்று, ஜெல், ஒரு சந்தேகம்

விண்வெளித் துறையில் பணியாற்றிய ஃபிராங்க் ரூடி, வாயு நிரப்பிய சிறு பைகளை அடிப்பாகத்தில் வைக்கும் யோசனையை நைக்கியிடம் கொண்டுபோனார். 1978-இல் அந்த ஷூ வெளிவந்தது. 1986-இல் ஜப்பானின் ஏசிக்ஸ் ஜெல்லைக் கொண்டுவந்தது. 1987-இல் நைக்கி அடிப்பாகத்தில் ஒரு ஜன்னல் திறந்து காற்றுப் பையைக் கண்ணுக்குக் காட்டியது. மெத்தையைக் காலால் உணர்வதற்கு முன்பே கண்ணால் பார்த்து வாங்கும் பழக்கம் அங்கே வேரூன்றியது.

அடுத்து, பாதத்தின் வளைவைப் பார்த்து ஷூ கொடுக்கும் முறை வந்தது. ஈரக் காலைக் காகிதத்தில் பதியுங்கள். தட்டைப் பாதமா, இந்த ஷூ. வளைவு அதிகமா, அந்த ஷூ. கேட்கப் பொருத்தமாகத்தான் இருந்தது. அமெரிக்க ராணுவம், விமானப்படை, கடற்படைக் காலாட்படை மூன்றும் புதிதாகச் சேர்ந்த வீரர்களிடம் இதைச் சோதித்தன. 2009, 2010-இல் முடிவுகள் வெளியாயின. பாத வடிவம் பார்த்து ஷூ கொடுத்ததால் காயங்கள் குறையவில்லை.

நம் நாட்டிலிருந்தும் ஒரு முக்கியமான ஆய்வு உண்டு. ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 2300 குழந்தைகளின் காலடித் தடங்களை ஆராய்ந்து 1992-இல் வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்குத் தட்டைப் பாதம், அணியாதவர்களில் 2.8 சதவீதம். விரல்களை மூடும் ஷூ அணிந்தவர்களிடம் அதிகமாகவும், செருப்பு அணிந்தவர்களிடம் குறைவாகவும் இருந்தது. மாலையில் புல்தரையில் குழந்தை ஷூவைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினால் திட்டாமல் விடலாம் என்பதற்கு இது போதும்.

2009-இல் வேடிக்கையான ஒன்று நடந்தது. வெறுங்கால் ஓட்டத்தைப் புகழ்ந்த 'பார்ன் டு ரன்' என்ற புத்தகம் அந்த ஆண்டு வந்தது. விரல் விரலாகப் பிரிந்த மெல்லிய ஷூக்கள் பரபரப்பாக விற்றன. அதே ஆண்டில்தான் மிகத் தடித்த அடிப்பாகம் கொண்ட ஹோகா தொடங்கப்பட்டது. விரல் ஷூ செய்த விப்ராம், உடல்நலப் பயன்கள் குறித்த விளம்பரங்களுக்காக நுகர்வோர் தொடுத்த வழக்கை 2014-இல் சமரசத்தில் முடித்துக்கொண்டது. இன்று கடைகளில் தடித்த ஷூவின் காலம்.

பொரி உருண்டையும் ஆமணக்கும்

2013-இல் அடிடாஸ், ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். வேதிநிறுவனத்தோடு சேர்ந்து 'பூஸ்ட்' என்ற நுரையைக் கொண்டுவந்தது. டி.பி.யூ. என்ற பிளாஸ்டிக் மணிகளைப் பொரி போலப் பொரித்து, நீராவியால் ஒன்றோடொன்று ஒட்டவைப்பார்கள். உற்றுப் பார்த்தால் பொரி உருண்டையேதான்! ஈ.வி.ஏ.வைவிடத் துள்ளலும் உழைப்பும் அதிகம்; எடையும் அதிகம்.

2017-இல் நைக்கியின் 'வேப்பர்ஃப்ளை' வந்தது. அதில் 'பெபா' என்ற மிக லேசான நுரையும் ஒரு கார்பன் தகடும் இருந்தன. அதே வேகத்தில் ஓட உடல் செலவிடும் ஆற்றல் சராசரியாக 4 சதவீதம் குறைவதாகக் கொலராடோ பல்கலைக்கழக ஆய்வகத்தில் அளந்தார்கள். அளக்கப்பட்டவர்கள் 18 பேர். எல்லோரும் வேகமான ஓட்டக்காரர்கள். சாதனைகள் சரிந்ததைப் பார்த்த உலகத் தடகள அமைப்பு, 2020-இல் சாலை ஓட்ட ஷூவின் அடிப்பாகம் 40 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி போட்டது. பெபா வகைகள் சிலவற்றுக்கு மூலப்பொருள் ஆமணக்கெண்ணெய். உலகிலேயே அதிகம் ஆமணக்கு விளைவது நம் நாட்டில், அதிலும் குஜராத்தில்.

நான் தள்ளுபடியில் வாங்கியது இந்தக் குடும்பத்து ஷூதான். பந்தய வேகத்துக்காகச் செய்ததை அணிந்துகொண்டு பேவர் பிளாக்கில் மெதுவோட்டம் போனேன்.

நம் பக்கத்து ஊர்களில்

இந்த நுரை எங்கோ தூரத்தில் வேகிறது என்று நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டின் காலணித் தொழில் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோலை நம்பி வளர்ந்தது. அந்தத் தொழிலுக்காகத்தான் அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 1948-இல் தொடங்கப்பட்டது. ஓட்ட ஷூவில் தோலுக்கு வேலையில்லை. எல்லாம் நுரையும் பின்னல் துணியுமே. செய்யாறு சிப்காட்டில் தைவானின் ஃபெங் டே குழுமம் நைக்கிக்காகப் பல ஆண்டுகளாக ஷூ செய்கிறது. வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமப் பெண்கள். 2022-இல் தமிழ்நாடு அரசு காலணிக்கெனத் தனிக் கொள்கை வெளியிட்டது. 2023-இல் பெரம்பலூரில் கிராக்ஸ் தயாரிப்பு தொடங்கியது. 2024 டிசம்பரில் ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் ஹாங் ஃபூ ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். இருங்காட்டுக்கோட்டையில் மத்திய அரசின் காலணி வடிவமைப்பு மேம்பாட்டு நிறுவனத்தின் வளாகம் இருக்கிறது. பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இதைக் கவனிக்கலாம்.

சரி, எதை வாங்குவது?

லக்சம்பர்க்கில் 800-க்கும் மேற்பட்ட ஓட்டக்காரர்களுக்கு, பார்க்க ஒரே மாதிரியான, ஆனால் மென்மை மட்டும் வேறுபட்ட ஷூக்களைக் கொடுத்து 6 மாதம் கவனித்தார்கள். முடிவு 2020-இல் வந்தது. கடினமான ஷூ அணிந்தவர்களுக்குக் காயம் கூடுதல். ஆகவே மெத்தை வீணல்ல. ஆனால் அதன் பயன் எடை குறைந்தவர்களிடமே தெளிவாகத் தெரிந்தது. 'எடை அதிகமா, தடித்த மெத்தை வாங்கு' என்று நாம் நம்பியதற்கு நேர்மாறு.

காலணி ஆய்வில் பெயர் பெற்ற கனடாவின் பென்னோ நிக்கும் அவரது குழுவினரும் 2015-இல் எளிமையான ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: அணிந்து ஓடிப் பார்க்கும்போது காலுக்கு எது இதமோ அதுவே உங்களுக்கு ஏற்றது. இத்தனை ஆண்டு வரலாறும் கடைசியில் வந்து நிற்கும் இடம் அது.

எனவே மாலையில் கடைக்குப் போங்கள். பகல் முழுதும் நடந்தபின் கால் சற்று வீங்கியிருக்கும். வழக்கமாகப் போடும் சாக்ஸோடு இரண்டு கால்களிலும் போட்டு நடந்து, முடிந்தால் ஓடிப் பாருங்கள். விரல் முனைக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். பக்கவாட்டில் இறுக்கினால், "போடப் போடச் சரியாயிடும்" என்ற பேச்சை நம்ப வேண்டாம். புது ஷூவில் தூரத்தை மெல்லக் கூட்டுங்கள்.

ஒரு கோரிக்கையோடு முடிக்கிறேன். நாம் நாற்பது நிமிடம் நடக்க இவ்வளவு யோசிக்கிறோம். நம் கேட்டில் 12 மணி நேரம் நிற்கும் காவலர்களுக்குச் சீருடையோடு வருவது கெட்டியான கறுப்பு ஷூ. அதில் ஒருவர் பின்பக்கத்தை மடித்து மிதித்துச் செருப்பாக்கி வைத்திருப்பதைப் பார்த்துக் காரணம் கேட்டேன். "அளவு இது ஒண்ணுதான் சார் இருந்துச்சு" என்றார். அடுத்த சீருடை ஒப்பந்தத்தின்போது ஒவ்வொருவரின் கால் அளவையும் எடுத்து, நுரை அடிப்பாகம் உள்ள ஷூவாகக் கேட்டு வாங்கும்படி சங்கத்திடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். வரும் பொதுக்குழுவில் இது பேச்சுக்கு வரும்போது நீங்களும் ஆதரிக்க வேண்டும்.