ஹாக்கியில் கைகலப்பு

ஹாக்கியில் கைகலப்பு என்பது, பந்தையோ தட்டையோ கைப்பற்றும் முயற்சிக்கு அப்பால், ஆடுகளத்தில் வீரர்கள் ஒருவரையொருவர் கையாலோ மட்டையாலோ தாக்கிக்கொள்ளும் விதிமீறலைக் குறிக்கும். புல்தரை ஹாக்கியில் இது நிரந்தர வெளியேற்றத்தைக் குறிக்கும் சிவப்பு அட்டைக்குரிய குற்றமாகும்; வட அமெரிக்கத் தொழில்முறைப் பனி ஹாக்கியிலோ, 1922 முதல், கையுறையைக் கழற்றி மோதுவோர் ஐந்து நிமிடம் தண்டனை இருக்கையில் அமர்ந்தபின் மீண்டும் ஆடலாம். சண்டையைத் தொடங்குபவருக்குக் கூடுதல் தண்டனை விதிக்கும் முறை 1992இல் கடுமையாக்கப்பட்டது.

இந்தியாவில் பரவலாக அறியப்பட்ட நிகழ்வு, 2019 நவம்பர் 25 அன்று புது தில்லி தேசிய விளையாட்டரங்கில் நடந்த 56ஆம் நேரு கோப்பை இறுதிப் போட்டியில் நேர்ந்தது. பஞ்சாப் காவல்துறையும் பஞ்சாப் நேஷனல் வங்கியும் 3–3 எனச் சமநிலையில் இருந்தபோது, இரு அணியினரும் மட்டைகளால் தாக்கிக்கொண்டனர். ஆட்டம் மீண்டும் தொடங்கியபின் வங்கி அணி 6–3 என வென்றது. ஹாக்கி இந்தியா அமைப்பு விசாரணைக்குப் பின் 11 வீரர்களைத் தண்டித்து, சிலருக்கு 18 மாதத் தடை விதித்தது. கடினமான மட்டை கைக்கெட்டும் தொலைவிலேயே இருப்பதால், இவ்விளையாட்டில் கைகலப்பு வெறுங்கை மோதலைவிடப் பன்மடங்கு ஆபத்தானது.

பனி ஹாக்கியில் சண்டைக்கென்றே அணியில் வைக்கப்பட்ட ‘காவல் வீரர்’ மரபு, 2011இல் மறைந்த, அத்தகைய வீரரான டெரெக் பூகார்டின் மூளையில் தொடர் அடிகளால் விளையும் சிதைவு நோய் கண்டறியப்பட்டபின் கடும் கண்டனத்துக்குள்ளானது.