இரு படங்களுக்கு நடுவே ஒரு குரல்

நடிகர் ஒருவரின் வரலாற்றை எழுதப் புகுவோர் அவருடைய படங்களை ஆண்டுவாரியாக அடுக்கி நிறைவடைந்துவிடுகின்றனர். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அவர் எவ்வாறு பிழைத்தார் என்னும் வினாவுக்கு அப்பட்டியலில் இடமில்லை. ஆர்சன் வெல்ஸைப் பொறுத்தவரை, அவ்வினாவைத் தவிர்த்துவிட்டு அவருடைய படங்களை நாம் புரிந்துகொள்ள இயலாது. 'சிட்டிசன் கேன்' (1941) படத்தின் பெயராலேயே அவரை அறிந்திருக்கிறோம். ஆயினும் அவர் வாழ்நாளில் பெரும்பகுதி படங்களுக்கு இடைப்பட்ட காலமே. அக்காலத்தில் அவருக்குச் சோறிட்டவற்றுள் முதன்மையானது அவருடைய குரல்.

1930களின் நியூயார்க்கில் வானொலி நாடகங்கள் நேரடியாக ஒலிபரப்பாயின. ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்கு நேரத்தோடு போய்ச்சேர ஆம்புலன்ஸ் வண்டியை வாடகைக்கு அமர்த்திக்கொண்டதாக வெல்ஸ் பின்னாளில் சொன்னதுண்டு. வேலையிழந்த கலைஞர்களுக்காக ரூஸ்வெல்ட் அரசு 1935இல் தொடங்கிய கூட்டரசு நாடகத் திட்டத்தில் அவர் நாடகங்களை இயக்கிவந்தார். வானொலியில் ஈட்டிய பணத்தை அவற்றில் இட்டதாகவும் கூறியிருக்கிறார். குரல் ஈட்டுவதும் கலை அதைச் செலவழிப்பதுமாகிய இந்த ஏற்பாடு, அவர் திரைப்படத்துக்கு வருமுன்பே உருவாகிவிட்டது.

1942இல் அவர் பிரேசிலில் இருந்த வேளையில், 'தி மேக்னிஃபிசென்ட் ஆம்பர்சன்ஸ்' படத்திலிருந்து நாற்பது நிமிடங்களுக்கும் மேலான பகுதியை ஆர்.கே.ஓ. நிறுவனம் வெட்டியெறிந்தது. அப்பத்தாண்டின் இறுதியில் அவர் ஐரோப்பா சென்று 'ஒதெல்லோ'வைத் தொடங்கினார். இத்தாலியத் தயாரிப்பாளர் நொடித்துப்போனார். 'தி தேர்ட் மேன்' (1949), 'தி பிளாக் ரோஸ்' (1950) போன்ற பிறர் படங்களில் நடித்துப் பெற்ற ஊதியத்தைக் கொண்டு வெல்ஸ் விட்டுவிட்டுப் படம்பிடித்தார். வெனிஸ் அருகிலுள்ள தீவொன்றின் தேவாலய முகப்பிலிருந்து அடியெடுத்து வைக்கும் இயாகோ, அடுத்த அடியை மொராக்கோவின் நிலத்தடி நீர்த்தொட்டிக்குள் வைக்கிறான். மொராக்கோவுக்கு உடைகள் வந்துசேராதபோது, கொலைக் காட்சியொன்று குளியலறைக்கு மாற்றப்பட்டு, நடிகர்கள் துண்டு கட்டிக்கொண்டு நடித்தனர். அப்படத்தின் துண்டுபட்ட வேகத்தை நாம் அழகியலாக வியக்கிறோம். பணமற்ற இடைவெளிகளும் அதை உருவாக்கின என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். 1952இல் கேன் விழாவின் பெரும்பரிசு இப்படத்துக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது.

கூலிக்குச் செய்த வேலையிலிருந்தே சில வேளைகளில் கலை முளைத்ததும் உண்டு. 'தி தேர்ட் மேன்' படத்தில் தாம் ஏற்ற ஹாரி லைம் பாத்திரத்தை 1951-52இல் லண்டனில் வானொலித் தொடராக அவர் மீண்டும் நடித்தார். அத்தொடரின் கதைகளிலிருந்து பிறந்ததே 'மிஸ்டர் அர்காடின்' (1955). அதில் பிற நடிகர்கள் பலருக்கும் அவரே குரல் கொடுத்தார். 'தி வைக்கிங்ஸ்' (1958), 'கிங் ஆஃப் கிங்ஸ்' (1961) ஆகியவற்றின் கதைசொல்லும் குரலும் அவருடையதே. பின்னாளில் உறைபதனப் பட்டாணிக்கும் திராட்சை மதுவுக்கும் விளம்பரம் பேசினார். பட்டாணி விளம்பர வாசகத்தின் சொல்லமைப்பைக் குறித்து ஒலிப்பதிவுக் கூடத்தில் அவர் சினந்து வாதிடும் நாடா இன்றளவும் நகைச்சுவையாகச் சுற்றிவருகிறது. எத்தகைய வாசகமாயினும் அது வாயில் நிற்க வேண்டும் என்ற தொழில்நேர்மையையும் நாம் அதில் கேட்கலாம்.

எனினும் இவ்வாழ்க்கையை வெற்றிக்கதையாக்குவது பொருந்தாது. கூலி படம்பிடிக்கப் போதுமானதாயிருந்தது. முடிக்கப் பலமுறை போதவில்லை. 1975இல் அமெரிக்கத் திரைப்படக் கழகம் அவருக்கு வாழ்நாள் சாதனை விருதளித்தபோது, முடிவுறாத 'தி அதர் சைட் ஆஃப் தி விண்ட்' படத்தின் காட்சிகளை அவ்வரங்கிலேயே காட்டி உதவி நாடினார். பாராட்டு நிறையக் கிடைத்தது. முடிப்பதற்கான பணம் கிடைக்கவில்லை. உரிமைச் சிக்கலில் பாரிஸில் முடங்கிய படச்சுருள்கள் பிறரால் தொகுக்கப்பட்டு 2018இல்தான் வெளிவந்தன. 'டான் கிஹோத்தே' முடிவுறவேயில்லை.

1985 அக்டோபரில், தமது எழுபதாம் வயதில், 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' அசைவூட்டப் படத்தில் கோள்களை விழுங்கும் இயந்திரம் ஒன்றுக்குக் குரல் கொடுத்தார். அடுத்த சில நாட்களில், அக்டோபர் 10 அன்று இறந்தார். படம் மறு ஆண்டு வெளியானது. அதை அவருடைய வீழ்ச்சியின் அடையாளமாகவே எழுதிச் செல்கின்றனர். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் வானொலி நிலையத்தில் தொடங்கிய வேலையை அவர் இறுதிவரை செய்துகொண்டிருந்தார் என்றே நாம் எழுதுவோம்.