ஆர்டரும் கடனும்: பெண்களின் தொழில்களும் அரசுக் கொள்முதலும்

இந்தியாவில் பெண்களுக்குச் சொந்தமான தொழில் அலகுகள் ஏறத்தாழ 80.5 லட்சம் என்று 2013–14இல் நடந்த ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பு கண்டது. மொத்தத் தொழில் அலகுகளில் இது 13.76 விழுக்காடு. மாநிலங்களில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. பெண்கள் நடத்தும் அலகுகளில் 13.51 விழுக்காடு இங்கேதான் இருந்தன. பெருமையோடு எடுத்துச் சொல்லப்படும் இந்த எண்களுக்குப் பக்கத்திலேயே வேறொன்றும் பதிவாகியிருக்கிறது. அத்தகைய ஓர் அலகில் வேலை செய்தோர் சராசரியாக 1.67 பேர். பத்தில் எட்டுக்கு மேற்பட்டவை கூலிக்கு ஆள் வைக்காதவை. ஒரு தையல் எந்திரம், ஒரு மாவு அரவை எந்திரம், அதை இயக்கும் பெண், கைகொடுக்க வீட்டார் ஒருவர்: பெரும்பாலானவற்றின் அளவு இதுதான்.

செல்வ நாடான அமெரிக்காவிலும் நிலைமை பெரிதும் வேறன்று. 2012இல் அங்கே பெண்களுக்குச் சொந்தமான நிறுவனங்கள் சுமார் 99 லட்சம். மொத்தத்தில் 36 விழுக்காடு. ஆனால் அனைத்து நிறுவனங்களின் விற்பனை வருவாயில் அவற்றின் பங்கு 4 விழுக்காட்டைச் சற்றே தாண்டியது. ஏறக்குறைய பத்தில் ஒன்பதில் சம்பள ஆள் இல்லை.

பெண்களின் தொழில்கள் இப்படிச் சிறிதாகவே இருப்பதற்குக் கடன் தட்டுப்பாடே காரணம் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. தமிழ்நாட்டில் 1989இல் தருமபுரியில் தொடங்கிய சுய உதவிக் குழு முயற்சி, 1997இல் மகளிர் திட்டமாக விரிந்தது. கந்துவட்டியின் பிடியைத் தளர்த்தியதில் குழுக்கடனுக்குள்ள பங்கு மறுக்க முடியாதது. ஆயினும் கடன் எந்திரத்தை வாங்கித் தரும். தைத்த துணியை வாங்க ஆளைத் தராது. நிச்சயமான ஆர்டர் கையில் இருக்கும்போதுதான் இரண்டாவது எந்திரமும் மூன்றாவது ஆளும் கணக்குக்குக் கட்டுப்படியாகும். பள்ளி மாணவர்களுக்கான விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் வழியே தைத்து வாங்கும் தமிழ்நாட்டு ஏற்பாடு இதற்குத் தக்க சான்று. அங்கே அரசு கொடுப்பது உதவித்தொகையன்று, வேலை.

பெரிய வாங்குநர் தம் கொள்முதலை வழக்கமான சிலரோடு நிறுத்தாமல், விலக்கப்பட்டிருந்தோருக்கும் திறந்துவிடுவதே வழங்குநர் பன்மை எனப்படுகிறது. இந்தியாவில் இதற்கான அடிப்படை, குறு, சிறு தொழில்களுக்கான 2012ஆம் ஆண்டின் பொதுக் கொள்முதல் ஆணை. 2018 நவம்பரில் அது திருத்தப்பட்டது. அதன்படி மத்திய அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் ஆண்டுக் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடமும், அதற்குள் 3 விழுக்காட்டைப் பெண்களின் தொழில்களிடமும் வாங்க வேண்டும். முன்வைப்புத் தொகை கட்டுவதிலிருந்தும் விலக்கு உண்டு.

தரத்தையும் விலையையும் விட்டுக்கொடுக்கும் சலுகை இது என்ற எதிர்வாதம் ஆணையின் விதியிலேயே விடை காண்கிறது. மிகக் குறைந்த ஒப்பந்தப்புள்ளி 100 ரூபாய் என்க. சிறுதொழில் ஒன்று 115 ரூபாய்க்குள் கேட்டிருந்தால், 100 ரூபாய்க்கே தர இசையும் நிலையில், ஆர்டரில் ஒரு பகுதி அதற்குக் கிடைக்கும். அரசுக்குக் கூடுதல் செலவு இல்லை. ஒரே வழங்குநரை நம்பியிருந்து, அவர் கைவிட்டால் திண்டாடும் நிலையும் குறைகிறது.

குறை வேறிடத்தில் இருக்கிறது. மேற்கண்ட விலைச் சலுகை குறு, சிறு தொழில்கள் எல்லாவற்றுக்கும் பொது. 3 விழுக்காட்டை எட்டுவதற்கென்று தனிக் கருவி இல்லை. அத்தகைய இலக்கு எத்தனை மெதுவாக நகரும் என்பதை அமெரிக்க அனுபவம் காட்டுகிறது. கூட்டாட்சி அரசின் ஒப்பந்தங்களில் 5 விழுக்காடு பெண்களின் நிறுவனங்களுக்கு என்று 1994இல் அங்கே சட்டம் வந்தது. சில ஒப்பந்தங்களை அவர்களுக்கே ஒதுக்கும் அதிகாரம் 2000இல் சட்டமாயிற்று. நடைமுறைக்கு வந்ததோ 2011இல். ஒதுக்கீட்டுக்கு இருந்த தொகை உச்சவரம்பு 2013இல் நீங்கியது. இலக்கு முதன்முதலாக எட்டப்பட்டது 2015 நிதியாண்டில். எண்ணை மட்டும் அறிவித்துவிட்டு ஒதுக்கும் அதிகாரத்தைத் தள்ளிப்போட்டதில் இருபது ஆண்டுகள் கழிந்தன.

யாருடைய தொழில் என்ற கேள்வியும் எளிதன்று. பங்குகளில் குறைந்தது 51 விழுக்காடு பெண்களிடம் இருக்க வேண்டும் என்பது இரு நாடுகளிலும் உள்ள வரையறை. அமெரிக்க விதி அன்றாட நிர்வாகமும் பெண்ணின் கையில் இருக்கவேண்டும் என்கிறது. சுயசான்று போதும் என்ற வழக்கம் 2020இல் அங்கே கைவிடப்பட்டது. மனைவி பெயரில் பதிவு, கணவர் கையில் நிர்வாகம் என்பது இந்தியாவில் அறியப்படாத ஒன்றன்று. பங்கோடு நிர்வாகத்தையும் சரிபார்க்காவிட்டால் ஒதுக்கீட்டின் பயன் உரியவரைச் சேராது.

ஆர்டர் கிடைத்த பிறகும் பணம் வரும் நாள் தொழிலின் உயிரைத் தீர்மானிக்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், குறு, சிறு வழங்குநருக்கு 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும் என்கிறது; தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தின் மும்மடங்கு கூட்டுவட்டி. சட்டம் கடுமையானதுதான். ஆனால் அடுத்த ஆர்டரும் அதே வாங்குநரிடமிருந்துதான் வரவேண்டும் என்னும்போது வட்டி கேட்கத் துணிவோர் அரியர். அதனால்தான் ட்ரெட்ஸ் என்னும் பில் கழிவுத் தளம் இவர்களுக்கு வழக்கைவிடப் பயனுள்ளது: வாங்குநர் ஒப்புக்கொண்ட பில்லை நிதி நிறுவனம் கழிவுபோட்டு எடுத்துக்கொண்டு உடனே பணம் தருகிறது, பின்னர் வாங்குநர் தவறினாலும் விற்றவரிடம் அதைத் திருப்பிக் கேட்பதில்லை.