உட்காரும் உரிமை

கடைப் பணியாளர்கள் வேலைநேரத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போது உட்காருவதற்கான சட்ட உரிமை. 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் சேர்க்கப்பட்ட 22-ஏ பிரிவு, எல்லாப் பணியாளர்களுக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது.

கேரளம் முந்திக்கொண்டது. கோழிக்கோட்டுக் கடைப்பெண்கள் தொடங்கிய போராட்டத்தையடுத்து 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது.

துணிக்கடையில் வாடிக்கையாளர் ஸ்டூலில் அமர்ந்திருக்க, விற்பனைப்பெண் புடவைகளை விரித்துக் காட்டி, மறுபடி மடித்து அடுக்குவார், எல்லாம் நின்றபடியே. கால் வீங்கும், நாளடைவில் நரம்புச் சுருட்டலும் வரலாம். கூட்டமில்லாத வேளையிலும் உட்காரக் கூடாது என்பது பல கடைகளின் எழுதாத விதி. சட்டம் கைவைத்தது அதில்தான். ஸ்டூலைப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் மேற்பார்வையாளரை என்ன செய்வது என்று மட்டும் அந்தப் பிரிவு சொல்லவில்லை.